முதல் விருப்பம்

எனக்கு முன்னால் பதினொரு பேர் நிற்கிறார்கள். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணிவிட்டேன். ஒருவர் உள்ளே போய் வர மூன்று நிமிடம் என்றால் முப்பத்து மூன்று நிமிடம், மூன்று நாளாக முடிவு செய்யாததை அதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று என்னை நானே நம்பவைத்தபடி, இரண்டாம் மாடி வராந்தாவில் துறைத்தலைவர் அறைக்கு வெளியே சுவரில் தோளைச் சாய்த்து நிற்கிறேன். ஆனி மாதத்துக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வருவது இந்தக் கல்லூரிக் கட்டடத்தைத் தேடித்தான் வருகிறதோ என்று தோன்றும். எங்கோ தாழ்ப்பாள் போடாத கதவு ஒன்று சாத்துவதும் திறப்பதுமாக இருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன, ஒன்று மட்டும் சும்மா நிற்கிறது, அதற்கு என்ன கோளாறு என்று எலெக்ட்ரிகல் மூன்றாம் ஆண்டு மாணவனான எனக்கு ஓரளவு தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. கையில் படிவம் படபடக்கிறது. என் பெயர், பதிவு எண், துறை எல்லாம் அச்சாகியே வந்திருக்கின்றன. 'முதல் விருப்பம்' என்ற கட்டம் மட்டும் காலி. மைனர் டிகிரி. சொந்தத் துறையோடு கூட இன்னொரு துறையில் சனிக்கிழமைகளில் படித்து ஆறு தாள் எழுதித் தேறினால் சான்றிதழில் அதன் பெயரும் சேர்ந்து வரும். கட்டாயமில்லை, வேண்டாதவர்கள் இந்த வரிசையிலேயே நிற்க வேண்டாம். நின்றால் துறைத்தலைவர் ஆவுடையப்பன் சாரிடம் போய் எதை எடுக்கிறோம், ஏன் எடுக்கிறோம் என்று இரண்டு வரி சொல்ல வேண்டும். அந்த 'ஏன்' அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வேறு எந்தத் துறையிலும் இல்லை. எழுதிக் கொடுத்தால் போதாதா என்று ஒருவன் கேட்டதற்கு, வாயைத் திறந்து சொல்லத் தெரியாதவனுக்கு எதற்கு இரண்டு டிகிரி என்று சிரித்தாராம். அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. இரண்டு வருடத்தில் அவரிடம் நான் பேசியதெல்லாம் 'எஸ் சார்' மட்டும்தான். எ-வில் தொடங்குவது எளிது, வாயைத் திறந்தாலே வந்துவிடும்.

எனக்கு முன்னால் நிற்பவன் ஷிஜின், கருங்கல்காரன், என் நண்பன். நண்பன் என்று மட்டும் சொன்னால் போதாது, என்னுடைய வாய் அவன்தான். முதல் வருடம் முதல் நாள் எல்லோரும் எழுந்து பெயரும் ஊரும் சொல்லவேண்டியிருந்தது. என் முறை வந்தபோது எழுந்தேன். பேச்சிமுத்து என்று சொல்ல வேண்டும், எங்கள் குலதெய்வத்தின் பெயர். ப-வுக்கு உதடு இரண்டையும் ஒட்டவைத்துத் திறக்க வேண்டும், மற்றவர்களுக்கு அது ஒரு காரியமே இல்லை. எனக்கு ஒட்டியது திறக்கவில்லை. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு உள்ளேயே நின்று, அறுபது முகங்கள் முதலில் என்னையும் பிறகு தங்கள் மேஜையையும் பார்க்கத் தொடங்கிய நேரத்தில், பக்கத்தில் இருந்த இவன் என் கழுத்தில் தொங்கிய அட்டையை எட்டிப் பார்த்து, "சார், இவன் பேரு பேச்சிமுத்து, ஊரு அம்பாசமுத்திரம் பக்கம்" என்றான். வகுப்பு சிரித்தது. பேசவராதவனுக்குப் பேச்சிமுத்தா என்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது. அன்றிலிருந்து கேன்டீனில், நூலகத்தில், விடுதி வார்டனிடம், லேப் அட்டெண்டரிடம் எனக்கும் சேர்த்து அவன்தான். நான் தொடங்குவேன், அவன் முடிப்பான். மூன்று நாளைக்கு முன் இந்தப் படிவம் வந்தபோதும், "நாம ரெண்டுபேரும் டேட்டா சயின்ஸ்டே, நான் எல்லாருட்டயும் சொல்லியாச்சு" என்றான். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது என் உடம்பில் அவ்வளவு சுளுவாக ஓடுகிற ஒரு வேலை. எதற்கு ஆட்டுகிறோம் என்று தலைக்கே தெரியாது.

ஏழு பேர். நாலு பேர் போனது எப்போது என்று கவனிக்கவில்லை. டேட்டா சயின்ஸில் என்ன குறை, ஒன்றுமில்லை. அக்கா மாப்பிள்ளை ஓசூரிலிருந்து போன் பண்ணி அதைத்தான் எடுக்கச் சொன்னார், எலெக்ட்ரிகலை மட்டும் நம்பினால் வேலை கிடைக்காது என்றார். எனக்குக் கணக்கு வரும். கணினியிடம் பேச வேண்டியதில்லை, விரலால் தட்டினால் போதும், நான் முடிக்கும்வரை அது காத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஷிஜின் இருப்பான். இன்னும் இரண்டு வருடம் ஒருவரிடமும் வாய் திறக்காமல் கழித்துவிடலாம். பிறகு? பிறகு என்ற இடத்தில் நினைப்பு முட்டிக்கொண்டு நிற்கிறது, திரும்பி வந்து மறுபடி டேட்டா சயின்ஸில் என்ன குறை என்று ஆரம்பிக்கிறது. எங்கள் ஊர் புளியங்குளம். அதிலும் முதல் எழுத்து பு, அதே உதடு. பள்ளிக்கூடக் காலத்தில் கண்டக்டரிடம் புளியங்குளம் என்று கேட்க முடியாமல் அதற்கு அடுத்த நிறுத்தமான ஆலடி விலக்கைத்தான் கேட்பேன். ஊர் வந்ததும் நைசாக இறங்கிவிடுவேன். ஒருநாள் ஒரு புதுக் கண்டக்டர், நல்ல மனிதர், நான் எழுந்ததும் தோளைப் பிடித்து உட்காரவைத்து, ஆலடி விலக்கு இன்னும் வரவில்லை, வந்ததும் நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். இல்லை, இதுதான் என் ஊர் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. எங்கள் தெரு, தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடத்தைப் பூட்டிக்கொண்டு நிற்கிற அம்மை எல்லாம் ஜன்னலில் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆலடி விலக்கில் அவர் அக்கறையாக எழுப்பி இறக்கிவிட்டார். நன்றி என்று கூடச் சொன்னேன், ந எனக்கு வரும். மூன்று மைல் நடந்து திரும்பினேன். வெயிலைப் பற்றிய ஞாபகம் இல்லை. சொல்லக்கூடிய சொல்லைச் சொல்லிவிட்டால் சொல்லக்கூடிய ஊருக்குத்தான் போய்ச்சேர முடியும் என்று அன்றைக்கு நினைத்தேனா, இப்போது நினைத்து அன்றைக்கு நினைத்ததாகச் சேர்த்துக்கொள்கிறேனா தெரியவில்லை.

ஷிஜின் திரும்பி, பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு அவனே எனக்குப் பசியில்லை என்று முடிவுசெய்து திரும்பிக்கொண்டான். போன வருடம் அனல்மின் நிலையம் பார்க்கப் போனோம். அங்கே ஒரு பொறியாளர் எங்களைச் சுற்றிக் காட்டினார், தலைக்கவசம், காதில் பஞ்சு, எங்கும் நிலக்கரித் தூசி. திடீரென்று என்னைப் பார்த்து, தம்பி படித்து முடித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் ப் என்று தொடங்கினேன். ஷிஜின் "பவர் பிளான்ட்லதான் சார், அவனுக்கு அதான் ஆசை" என்றான். பொறியாளர் என் முதுகில் தட்டினார். நான் சொல்ல வந்தது 'பார்க்கணும் சார்' என்பது. இன்னும் முடிவு பண்ணவில்லை, பார்க்கணும். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து நான் பவர் பிளான்ட்டுக்குப் போகிறவன். வகுப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஷிஜின் எனக்காக அந்தத் தேர்வுக்கான புத்தகங்களைத் தேடிக் கொண்டுவந்தான். ஊருக்கு வந்திருந்தபோது அம்மையிடம் சொன்னான், அம்மை தெருவில் சொன்னாள், நானும் ஒன்றிரண்டு தடவை தனியாக இருக்கும்போது அதுதான் என் ஆசையோ என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். தனியாக இருக்கும்போது எனக்குத் திக்காது. அதனால் அந்தப் பொய் மிக நன்றாக, தடங்கலே இல்லாமல் வந்தது. அவன் மேல் கோபமா என்றால் கோபம் என்று சொல்ல முடியவில்லை. ஒருவன் கை நீட்டித் தூக்கிவிடுகிறான், தூக்கின கையை விடமாட்டேன் என்கிறான், அவ்வளவுதானே. விட்டால் விழுந்துவிடுவேன் என்ற பயம் அவனுக்கும் இருக்கும். எனக்கு இருக்கிறது.

நாலு பேர். பொது நிர்வாகம். படிவத்தில் உள்ள பாடப்பட்டியலில் மூன்றாவதாக இருப்பது அதுதான், பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன். தமிழில் சொன்னாலும் ப, இங்கிலீஷில் சொன்னாலும் ப, அதிலும் இங்கிலீஷில் ஒன்றுக்கு இரண்டு. ஏன் அந்தப் பாடம் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள்தான் வருகிறார். கல்லூரியில் சேர்வதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அம்மையும் நானும் வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். ஆர்.ஐ. அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, வீட்டில் உனக்கு முன்னால் யாராவது பட்டம் படித்திருக்கிறார்களா என்று கேட்டார். அம்மை வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, அவன் சொல்லட்டும் என்றார். எனக்கு அக்கா இருக்கிறாள், பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டாள். 'அக்கா' என்ற சொல் வந்துவிட்டது. பன்னிரண்டில் பூட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் இருக்கும். எனக்குப் பின்னால் நின்றவர்கள் செருமினார்கள், யாரோ எதையோ முணுமுணுத்தார்கள். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. ம், ம் என்று தள்ளிவிடவில்லை. பாவம் என்ற முகமும் இல்லை. பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி, நாள் முழுக்க இந்த ஒரு விடையைக் கேட்கத்தான் தனக்கு வேலை போட்டுக் கொடுத்திருப்பது போல இருந்தார். நான் முடித்ததும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அவ்வளவுதான். வெளியே வந்த பிறகு பஸ்ஸில் அம்மை, வீட்டில் இவன் நன்றாகப் பேசுவான் என்று அந்த அம்மாளிடம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டாள். நான் அந்த ஒரு நிமிடத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். யாராவது வந்து திணறினால் பேனாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு இந்த மைனர் தேவையில்லை என்று எனக்குத் தெரியும், எந்த டிகிரி இருந்தாலும் அரசுத் தேர்வு எழுதலாம். அப்படியானால் எதற்கு? தெரியும், தெரிந்துதான் சுற்றி வருகிறேன். அதில் தாளுக்கு மூன்று செமினார். ஆறு தாளுக்குப் பதினெட்டு. எழுந்து நின்று பத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும், அதற்குப் பாதி மதிப்பெண். அதற்குப் பயந்து போன வருடம் நாலே பேர்தான் எடுத்தார்களாம். அந்தப் பதினெட்டு என்ற எண்ணைப் படித்தபோது பயந்தேன். பயத்துக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது, பசி மாதிரி. கூட யாரும் இருக்கமாட்டார்கள். நானே தொடங்கி நானே முடிக்க வேண்டும். முடிக்காமல் போனால்? நாலு பேர் முன்னால் பத்து நிமிடமும் உதட்டை ஒட்டிக்கொண்டு நின்றால்? மதிப்பெண் போகும், அந்த நாலு பேருக்கும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிவரும், அக்கா மாப்பிள்ளை, நான் அப்போதே சொன்னேன் என்பார். ஓடிவிடலாம். மாடிப்படி இரண்டடியில் இருக்கிறது, மைனரே வேண்டாம் என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஷிஜினிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. காற்று ஒரு பெரிய வீச்சாக வந்து வரிசையில் இருந்த எல்லோருடைய படிவத்தையும் ஒரே பக்கமாக மடித்துவிட்டுப் போனது. எங்களுக்கு முன்னால் கடைசியாக உள்ளே போனவன் வெளியே வந்துவிட்டான். "வாடே" என்று ஷிஜின் என் முழங்கையைப் பிடித்து இழுத்து என்னையும் தன்னோடு உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

ஆவுடையப்பன் சார் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளர், பூட்டு, ஒரு பழைய மோட்டாரின் தாமிரச் சுருள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஏற்றிவைத்திருந்தார். ஷிஜின் டேட்டா சயின்ஸ் என்றான், வரப்போகிற காலமே அதுதான் என்று இரண்டு வரிக்கு ஐந்து வரி சொன்னான். கையெழுத்து விழுந்தது. அடுத்து என் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, காலியாக இருக்கிறதே என்றார். எழுத மறந்துவிட்டான் சார், இவனும் டேட்டா சயின்ஸ்தான் என்று ஷிஜின் சொல்ல, சார் பேனா மூடியைக் கழற்றிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். என் கை போய் அந்தக் கட்டத்தின் மேல் விழுந்தது. நான் வைத்தேன் என்று சொல்லமுடியாது, போய் விழுந்தது. சார் நிமிர்ந்தார். என்னப்பா என்றார். நான் ப-வுக்கு உதட்டைச் சேர்த்தேன். ஒட்டிக்கொண்டது. மூன்றாவது என்று சொல்லலாம். விரலால் தொட்டுக் காட்டலாம். அட்மினிஸ்ட்ரேஷன் என்பதை மட்டும் சொல்லலாம், அ-வில் தொடங்குகிறது, சாருக்குப் புரிந்துவிடும். வழிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, இத்தனை வருடம் அவைதான் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கின்றன. ஆலடி விலக்கில் இறக்கிவிட்டதும் அவைதான். தாடை நடுங்கியது. சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக் காட்டுப்பா, வெளியே ஆள் நிற்கிறது என்றார். அவர் ஆர்.ஐ. அம்மாள் இல்லை. எல்லோரும் அந்த அம்மாளாக இருக்கமாட்டார்கள், இருக்க வேண்டும் என்று கேட்கவும் முடியாது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், இந்தத் தடவை எதற்கு ஆட்டுகிறோம் என்று தலைக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் ஷிஜின் மூச்சை இழுத்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என் வாக்கியத்துக்குள் நுழையப்போகிறவன் இழுக்கிற மூச்சு. இன்னொரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன், வலிக்கிற மாதிரி. அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு நடந்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது. "ப்… ப்… பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன், சார்."

"கலெக்டர் ஆகணுமோ?" என்றார் சார். "இல்ல சார். ஆர்.ஐ." என்றேன். அதற்கு இது வேண்டாமே, சும்மா டிகிரியே போதுமே என்றார். அது தெரியும் என்றேன். பின்னே ஏன் என்று கேட்டார், அவருடைய அந்த 'ஏன்'. இதற்கு நான் எதையும் தயாரித்துக்கொண்டு வரவில்லை. "அதுல ப… பதினெட்டு செமினார் இருக்கு சார். அதுக்குத்தான்." சார் பேனாவைப் பிடித்தபடி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கட்டத்தை அவர் நிரப்பவில்லை, படிவத்தை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார். "ஜூலைல முதல் கிளாஸ். லீவு போட்றாத" என்றார்.

வராந்தாவில் ஷிஜின் எனக்கு முன்னால் நடந்தான். மாடிப்படி வரைக்கும் திரும்பவேயில்லை. முதல் படியில் நின்று மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டான், என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாடே" என்றான். அவன் குரலில் கோபம்தான் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது கோபம் இல்லை. சொல்ல வந்தேன் என்றால் பாதிதான் உண்மை. மூன்று நாளில் ஒரு தடவை தொடங்கியிருக்கிறேன், அவன் அதை வேறு ஏதோவாக முடித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான், அதன் பிறகு நான் தொடங்கவில்லை. அதைத்தான் சொன்னேன், நேரம் எடுத்தது, சொன்னேன். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். கீழே இருந்து ஏறி வந்த இரண்டு பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "நான் ஒனக்கு ஒதவி பண்ணுதேன்னுல்லா நெனச்சேன்" என்றான். உதவிதான், நீ இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பேன் என்றேன். அதுவும் உண்மை, அதையும் இதுவரை அவனிடம் சொன்னதில்லை. அப்படியானால் இனிமேல் நான் பேசாமல் இருக்க வேண்டுமா என்று கேட்டான். "பேசு. நான் மு… முடிச்சபொறவு பேசு." அவன் தலையைக் குனிந்துகொண்டு ஷூ நுனியைப் பார்த்தான். சனிக்கிழமை டேட்டா சயின்ஸ் வகுப்பில் தனியாக உட்காரப்போவதை நினைக்கிறானோ என்று தோன்றியது. இத்தனை நாள் நான் தனியாகிவிடுவேன் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன், அவனும் தனியாவான் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கேட்கலாம் என்று இருந்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கேன்டீன் பக்கம் நடந்தான். நானும் போனேன். அவன் கவுன்ட்டரில் கையை ஊன்றி "ரெண்டு சாயா" என்றான். எனக்கு எப்படித்தான் சொல்ல வந்ததோ, அறைக்குள் திறந்த வாய் இன்னும் முழுக்க மூடவில்லை போலிருக்கிறது. "எனக்கு டீயே பிடிக்காதுல" என்றேன். திக்கவேயில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "ரெண்டு வருஷமாவா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் முகத்தில் நான் காலையும் மாலையும் குடித்த அத்தனை டம்ளர்களும் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. கேன்டீன் அண்ணாச்சி கரண்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பின்ன ஒனக்கு என்னதாம்டே வேணும்?" என்று கேட்டான் ஷிஜின். கேட்டுவிட்டு மூச்சை இழுத்தான், இழுத்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, நான் சொல்லட்டும் என்று நின்றான்.